பதினேழாம் விதியும் நாற்பத்தாறு கால்களும்

வாழ்க ஜேசுதாஸ்! பார்மலின் மணக்கும் மார்பன் வாழ்க! மூக்குக்கண்ணாடி என்னும் இரட்டைக் கேடயம் தரித்தவன், முப்பத்தொரு ஜாடிகளில் ஊறிக் கிடக்கும் பாம்புக்கும் பல்லிக்கும் தனிப்பெருங்காவலன், உயிருள்ள கரப்பானைக் கண்டால் மட்டும் நாற்காலிமேல் ஏறி நிற்கும் விலங்கியல் வேந்தன், நாஞ்சில் நாட்டு மண்ணில் வெறுங்கால் என்னும் அரக்கனை எதிர்த்துத் தன்னந்தனியே படை நடத்திய மாவீரன் வாழ்க! தமிழ்த்தாயே, அந்தப் போரைச் சொல்ல எனக்கு நாவன்மை தா. அதிகம் வேண்டாம், போர்க்களம் முப்பதடிக்கு இருபதடிதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு ஆனி மாதம், நாகர்கோவிலில் புதிதாய் எழுந்த ஒரு கல்லூரியில் உயிரியல் லேபரட்டரி ஒன்று பிறந்தது. அதைப் பார்வையிடச் சென்னைச் சர்வகலாசாலையின் ஆய்வாளர், திருநெல்வேலி வரை ரயிலிலும் அப்பால் மோட்டாரிலும் குலுங்கிக் குலுங்கி, வெள்ளிக்கிழமை எழுந்தருளுவார் என்று ஓலை வந்தது. பாதுகாப்பு ஏற்பாடுகள் போதும் என்று அவர் எழுதினால் வகுப்பு நடக்கும். போதாது என்று எழுதினால் லேபரட்டரிக்குப் பூட்டு. பூட்டு விழுந்தால், அதன் ஆசிரியனான ஜேசுதாஸுக்கு, காற்றுக்குப் பேர்போன ஆரல்வாய்மொழியில், மாமனார் ராஜையனின் ஜவுளிக்கடை வாசலில் நின்று பறக்கும் துண்டுகளைத் துரத்திப் பிடிக்கும் உத்தியோகம். அந்த உத்தியோகத்தை மாமனார் நான்கு வருஷமாய்க் காலியாகவே வைத்திருந்தார். மருமகனின் படிப்பின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

சர்வகலாசாலை அனுப்பிய பாதுகாப்பு விதிகள் பதினேழு. அவற்றுள் பதினாறை நம் வீரன் பனங்காய் சீவுவதுபோல் சீவித் தள்ளினான். தீயணைக்க மணல் வேண்டும் என்றது ஒரு விதி. மணவாளக்குறிச்சிக் கருமணல் மாட்டுவண்டியேறி வந்து சிவப்பு வாளிகளில் அமர்ந்தது. அமிலம் தின்னாத மேசை வேண்டும் என்றது ஒரு விதி. மயிலாடிச் சிற்பிகள் கருங்கல்லில் பலகை செதுக்கினர். வெறும் பலகையை அனுப்பக் கை கூசியதால் நான்கு மூலையிலும் யாளிமுகம் வைத்து அனுப்பினர். தவளையை அறுப்பதற்கு யாளி தடையில்லை என்று ஜேசுதாஸ் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டான். நஞ்சுப் புட்டிகளில் மண்டையோட்டுப் படம் ஒட்டியாயிற்று. எரியும் உடையை அணைக்கக் கம்பளியும் தொங்கவிட்டாயிற்று.

எஞ்சியது பதினேழாவது: "லேபரட்டரிக்குள் எவரும் வெறுங்காலுடன் நுழையலாகாது." ஐயோ, அதை எழுதிய கை சென்னையில் இருந்தது, நடக்கவேண்டிய கால்கள் இங்கே இருந்தன!

முதல் எதிரி உள்நாட்டிலேயே எழுந்தார். அவர் லேபரட்டரி உதவியாளர் சுயம்புலிங்கம், அய்யாவழிக்காரர், தலையில் பாகை கட்டி நிமிர்ந்து நின்று தொழுபவர். தலைக்கு அவர் கட்டாத கட்டில்லை, காலுக்குத்தான் ஒன்றும் தரிக்கமாட்டார்.

"சார், இது படிப்பு நடக்குத எடமாக்கும். செருப்ப முத்தத்துல விட்டுட்டு உள்ள கேறுததுதானே மொற?" என்றார்.

"கண்ணாடிச் சில்லு குத்தும், சுயம்புலிங்கம்."

"குத்துனா புடுங்கிப் போட்டுருவேன். நேத்து ரெண்டு குத்திச்சு. நீங்க கண்டியளா?"

ஜேசுதாஸ் கண்டிருக்கவில்லை. முந்தின நாள் கண்ணாடிச் சாமான் பெட்டி பிரித்தபோது தரையில் கிடந்த இரண்டு சொட்டு இரத்தத்தை, சாயப்புட்டி ஒழுகியதென்று எண்ணித் துடைத்தவன் அவனே.

அடுத்து மாணவர் சேனை. இருபது பேர். நாற்பது பாதங்கள். அவற்றுள் மலைபோல் நின்றவை கடற்கரையிலிருந்து வந்த மரியானுடையவை. மணலிலும் பாறையிலும் பதினெட்டு வருஷம் தேய்ந்து, ஆமையோட்டுக்குச் சித்தப்பா முறை ஆகிவிட்டவை.

"எங் கால்ல கண்ணாடி பட்டா, கண்ணாடிதான் சார் ஒடயும்," என்றான் மரியான்.

"ஏலே மரியான், ஒனக்குச் செருப்பு தைக்க ஒரு மாடு காணாதுலே!" என்றான் வயற்காட்டுக் குடும்பத்துக் கிருஷ்ணமணி.

"நீ பேசாத மக்கா. வயல் சேறுதான ஒனக்குச் செருப்பு! கழுவினா காலே காணாது."

சிரிப்பலை எழுந்து கல்மேசையில் மோதியது. அப்போது நம் வீரன், கொடிமரம்போல் நிமிர்ந்து, யாளிமுகத்தில் கை ஊன்றி, மலைக்குகைகள் எதிரொலிக்கும் குரலில் (சிறிது சளியும் கலந்திருந்தது) பிரகடனம் செய்தான்: "கேளுங்கள், இருகால் படைத்தோரே! வெள்ளிக்கிழமை முதல், செருப்பில்லாத கால் எதுவும் இந்தப் படியைத் தாண்டினால், அந்தக் காலுக்கு மேலிருக்கும் தலைக்கு வருகைப்பதிவு கிடையாது!"

கோட்டை விழுந்தது. அறிவுக்குப் பணியாதவர் உண்டு. வருகைப்பதிவுக்குப் பணியாதவர் எந்தக் கல்லூரியிலும் இல்லை. வடசேரிச் சந்தையில் செருப்புத் தைப்பவர்கள் மூன்று நாள் தலைநிமிரவில்லை. மரியானின் பாதத்தை அளந்தவர் இரண்டாம் முறையும் அளந்து பார்த்துப் பெருமூச்செறிந்தார். சுயம்புலிங்கம் தம் மருமகனிடம் ஒரு ஜோடி இரவல் வாங்கினார். அது அடிக்கொரு முறை, கன்று தேடும் பசுவைப்போல் கத்தியது. ஜேசுதாஸோ பதினேழாம் விதியைப் பெரிய எழுத்தில் பலகையிலெழுதி, உள்ளே நுழைகிறவர் கண்ணுக்கு நேரே எதிர்ச்சுவரில் மாட்டினான்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. சுயம்புலிங்கம் தரையை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, நல்ல நாளாயிற்றே என்று மைக்ராஸ்கோப்பின் தலையில் ஒரு செவ்வரளிப்பூவும் வைத்தார். இருபது மாணவரும் செருப்பணிந்து, கொதிக்கும் தட்டில் நிற்பவர்போல் முகம் சுளித்து, வரிசையாய் நின்றனர். வரிசையின் தலையில், வென்ற மன்னன்போல் ஜேசுதாஸ். ஆகா, அந்தக் காட்சியை அப்போதே ஒரு ஓவியன் தீட்டியிருக்கலாம்! பிறகு தீட்டியிருந்தால் வேறு படமாகியிருக்கும்.

மோட்டார் நின்றது. பூட்ஸ் ஒலித்தது. தலைநரைத்த ஆய்வாளர், கையில் தடியோடும் காகிதத்தோடும் வாசலில் தோன்றினார்.

அந்தோ! பெரியவர் எதிரே வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கவேண்டும் என்று, பேசத் தெரியுமுன்னே காலுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாடு அது. தலை விதியை நினைத்தது. கால் தன் போக்கில் மரியாதையை நினைத்தது. சரக், சரக், சரக்! இருபத்திரண்டு ஜோடிச் செருப்புகள் ஒரே கணத்தில் மேசையடியில் ஒதுங்கின. முதலில் கழன்ற ஜோடி எது? சொல்ல நா கூசுகிறது. அது ஜேசுதாஸுடையது.

வாசலில் நின்ற ஆய்வாளர் பார்த்தார். ஈரத் தரை, பூச்சூடிய பித்தளைக் கருவி, நாற்பத்து நான்கு வெறுங்கால்கள். சென்னையில் பூட்ஸ் போட்டாலும் அவருடையதும் தமிழ்க் கால்தானே? குனிந்தார்; கயிற்றை அவிழ்த்தார்; பூட்ஸைப் படியோரம் வைத்துவிட்டு, கும்பிடாத குறையாக உள்ளே வந்தார். வந்து, நிமிர்ந்து, எதிரே பலகையைக் கண்டார்.

"வெறுங்காலுடன் நுழையலாகாது," என்று உரக்கப் படித்தார். பிறகு தம் காலைப் பார்த்தார். நாற்பத்தாறு பாதங்களின் விரல்களும் ஒருசேர மடங்கின. ஜேசுதாஸின் காதில் ஆரல்வாய்மொழிக் காற்று ஊளையிட்டது.

"இதை எழுதியது யார்?"

"நான்தான், சார்," என்றான், மாமனாரை நினைத்தபடி.

சுயம்புலிங்கம் முன்னால் வந்தார். "தப்பா நெனைக்காதீங்க சார். எல்லாரும் செருப்பு போட்டுதான் நின்னோம். நீங்க வந்தியளா, பெரியவங்க முன்னால எப்பிடிப் போட்டுட்டு நிக்கதுன்னு கழத்தியாச்சு. நீங்க அங்கோட்டுப் போன ஒடனே போட்டுருவோம்."

"அப்படியானால் இங்கே பாதுகாப்புக்கு இடைஞ்சல் நான் ஒருவன்தான்!"

"அப்பிடிச் சொல்லப்பிடாது சார்," என்றார் சுயம்புலிங்கம், மறுக்கவில்லை.

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். வெறுங்காலைப் பற்றி எழுதினால் அந்தக் கணக்கில் தம்முடைய இரண்டும் சேரும் என்பதை எண்ணியோ, நெடுநாள் இறுக்கிய பூட்ஸிலிருந்து விடுபட்ட விரல்களின் சுகத்தை எண்ணியோ, நெடுநேரம் யோசித்து, அரசாங்கக் காகிதங்களுக்கே உரிய அப்பழுக்கற்ற உண்மையை எழுதினார்: "பாதுகாப்பு விதிகள் அனைவர் கண்ணிலும் படும்படி எழுதி மாட்டப்பட்டுள்ளன. ஏற்பாடுகள் போதுமானவை. வகுப்பு நடத்தலாம்."

வென்றான் ஜேசுதாஸ்! மேலைக்கடல் முழங்கிற்று, யாளிகள் நகைத்தன, முப்பத்தொரு ஜாடிகளிலும் பாம்பினம் புளகமுற்றுப் புரண்டது, வெறுங்கால் அரக்கனை வீழ்த்திய பதினேழாம் விதியின் புகழ் குமரிமுனை முதல் இமயம்வரை பரவிப் படர்ந்து ஓங்கி நிலைபெற்றது.

திங்கட்கிழமை தவளை வகுப்புக்கு எல்லாரும் வெறுங்காலோடு வந்தார்கள்.