கிரீஸுக்கு அடங்காத முழங்கால்

அன்புள்ள தம்பிக்கு, உனக்குப் பத்து நிமிடம் முன்னால் பிறந்த அண்ணன் எழுதுவது. இங்கே இடுப்புக்கு மேலே நான் நலம். அங்கே நீ உச்சி முதல் பாதம் வரை நலமாக இருக்க வேண்டும். காரணம் பின்னால் சொல்கிறேன்.

முப்பது வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறேன். லிஃப்ட் நின்றால்தான் என்னைக் கூப்பிடுவார்கள், மெஷின் ரூமோ மொட்டைமாடியில் இருக்கும், ஆக நான் போன இடமெல்லாம் படியேறித்தான் போனேன். போன வருடம் இடது முழங்காலில் வீக்கம், கூடவே நறநறவென்று சத்தம். சத்தம் வந்தால் கிரீஸ் போடுவது எங்கள் வழக்கம். ஒரு மாதம் பேரிங் கிரீஸைத் தடவினேன், போர்வை பாழானதுதான் மிச்சம்.

கடைசியில் உன் அண்ணி டாக்டரிடம் இழுத்துப்போனாள். "இவரு கிரீஸ் போட்டுக்கிட்டு இருந்தாரு டாக்டர்" என்று நுழைந்ததுமே போட்டுக்கொடுத்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை, அதிலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது. எலும்பு முனைகளில் வழுவழுப்பாகக் குருத்தெலும்பு இருக்குமாம், எனக்கு அது தேய்ந்துபோய் எலும்போடு எலும்பு உரசுகிறதாம், ஓரத்தில் முள் மாதிரி எலும்பு வேறு வளர்ந்திருக்கிறதாம், வீக்கமும் அதனால்தானாம்.

"தேஞ்ச லைனிங்கை மட்டும் மாத்த முடியாதா சார்?"

"அது திரும்ப வளராதுங்க. எடையைக் குறைங்க, தொடைக்குப் பயிற்சி பண்ணுங்க, படி ஏறுறதைக் குறைங்க" என்றார். படியைக் குறைத்தால் என் பிழைப்பில் என்ன மிஞ்சும்?

இந்த மாதம் இருபதாம் தேதி கம்பெனியில் உடல்தகுதிச் சோதனை. கைப்பிடியைத் தொடாமல் நாலு மாடி ஏறி இறங்க வேண்டும், தவறினால் வேலை போய்விடும். நேற்று எங்கள் குடியிருப்பிலேயே ஒத்திகை பார்த்தேன், இரண்டாவது மாடியில் நின்றுவிட்டேன். "லிஃப்ட் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார் கீழ்வீட்டுக்காரர். லிஃப்ட் நன்றாகத்தான் இருக்கிறது. தம்பி, எனக்கு வேறு தொழில் தெரியாது, பயத்தில் சோறு இறங்கவில்லை. பெற்றவளே நம்மைப் பேர் மாற்றித்தான் கூப்பிடுவாள். நீயோ உடற்பயிற்சி வாத்தியார். மீசையை மட்டும் எடுத்துவிட்டு வா, என் சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்குப் பதிலாக ஏறி இறங்கிவிடு.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உன் கால்களுக்குத் தனியாக ஆசிகள்.

இப்படிக்கு,
அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உன் கடிதம் வந்தது. உங்கள் பள்ளியிலும் இருபத்திரண்டாம் தேதி சோதனையாம், உனக்கு வலது முழங்காலாம், நான் மீசை வளர்த்துக்கொண்டு வந்து உனக்காக ஓட வேண்டுமாம். நீ வராதே, நானும் வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன், நீயும் சொல்லிவிடு. நமக்கு இரண்டு நல்ல முழங்கால்கள் இருக்கத்தான் இருக்கின்றன, ஒரே ஆளிடம் இல்லை, அவ்வளவுதான்.