குழாய் வாயில் குந்திய தேங்காய்

கக்கூஸைப் பற்றி மேடையில் பேசுகிறவர்களை யாரும் மதிப்பதில்லை. முதலில் சிரிப்பார்கள், பிறகு மூக்கைப் பிடிப்பார்கள், அப்புறம் டீ எப்போது வரும் என்று வாசலைப் பார்ப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது தெரியாது. புதுச்சேரியையே திருத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எங்கள் ஊர் வீடுகளுக்கு எந்தக் குழாய் விதிகளை வைத்துக்கொள்வது என்று ஒரு கமிட்டி யோசித்துக்கொண்டிருந்தது. பழைய விதிப்படி, கோப்பையிலிருந்து குழாயை நேராகப் பாதாளச் சாக்கடையில் விட்டால் கதை முடிந்தது. புதிய விதிப்படி, கோப்பைக்குக் கீழே குழாய் வளைந்து, அந்த வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடைக் காற்று வெளியேற மொட்டை மாடிக்கு மேலே ஒரு காற்றுக் குழாயும் வேண்டும். ஏற்கெனவே கட்டிய வீடுகளும் மாற்றியாக வேண்டும். ஊர் முழுக்கத் தரையை உடைக்கச் சொன்னால் வீட்டுக்காரர்கள் சும்மா விடுவார்களா என்று கமிட்டிக்குப் பயம்.

இளநிலைப் பொறியாளரான எனக்குப் புதிய விதிதான் வேண்டும். காரணம் என் அக்கா. லாஸ்பேட்டை தாண்டி ஒரு பள்ளமான தெருவில் வாடகைக்கு இருந்தாள். குளியலறையைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். ஒருமுறை உள்ளே தலைசுற்றி விழுந்தவள், அதன்பின் தாழ்ப்பாள் போடுவதையே விட்டுவிட்டாள். அவள் கணவர், என் மாமா, தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுப்பவர். மற்றவர்கள் செவுளைப் புரட்டிப் பார்க்கும் நேரத்தில் இவர் குனிந்து ஒரு மூச்சு இழுப்பார், கூடையின் சரித்திரத்தையே சொல்வார். வீடு பிழைத்தது அந்த மூக்கால்தான்.

"வீட்டுக்காரன் சட்டத்துல இருந்தா செய்றேன்றான்டி. நீ அங்கதான குந்தினு இருக்க, எதுனா செய்யேன்" என்றாள் அக்கா.

செய்தேன். ஒரு பலகையில் இரண்டு பீங்கான் கோப்பைகளைப் பொருத்தி, ஒன்றுக்குப் பழைய விதிப்படியும் மற்றதற்குப் புதிய விதிப்படியும் கண்ணாடி மாதிரியான குழாய்கள் மாட்டினேன். பின்னாலிருந்து ஒரு புளோயர் சாம்பிராணிப் புகையைத் தள்ளும். பழைய கோப்பையில் புகை வெளியே வரும். புதியதில் காற்றுக் குழாய் வழியாக மேலே போய்விடும். வளைவில் நிற்கும் தண்ணீர் எல்லோருக்கும் தெரியட்டும் என்று பச்சைச் சாயம் வேறு கலந்தேன். (கலை உணர்ச்சி!)

கூட்டத்தன்று வெள்ளிக்கிழமை. ஸ்டோர் கீப்பர் ஏழுமலை சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"புது சாமான் மேடம். பூஜை போடாம சுவிட்ச் தட்டலாமா?"

எங்கள் அலுவலகத்தில் பிரிண்டருக்கே பூஜை உண்டு. அதனால் இரண்டு கோப்பைகளுக்கும் பொட்டு வைத்தோம், பூச்சரம் சுற்றினோம். கலசம் வைக்கத்தான் சொம்பு இல்லை. ஏழுமலை தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார். புதிய விதியின் காற்றுக் குழாய் வாயைத் திறந்துகொண்டு நிமிர்ந்து நின்றது. நான்தான் மாவிலை செருகி அதன்மேல் தேங்காயை வைத்தேன்.

"அடடா, அளவெடுத்தாப்புல குந்திக்கிச்சி மேடம்!"

போட்டோ எடுத்தேன். (மாதக்கணக்கில் அந்த ஓட்டையின் அருமையைப் பற்றியே பேசித் திரிந்தவள் நான்!)

கமிட்டித் தலைவர் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் பெரியவர், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டைக்காரர். பொதுமக்களுக்கான கடைசி வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பழைய கோப்பையிலிருந்து புகை வந்தது, உறுப்பினர்கள் மூக்கைப் பொத்தினார்கள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து புதியது. கோப்பையில் புகை இல்லை; மேலே காற்றுக் குழாயிலும் வரவில்லை. காற்று போதவில்லை என்று நினைத்துப் புளோயரைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன்.

"கிட்ட வந்து பாருங்கய்யா, சுத்தமா இருக்குது!" என்று தலைவரை அழைத்தேன்.

அவர் குனிந்தார். வளைவில் கடகடவென்று ஒரு சத்தம். மறுநொடி கோப்பை பொங்கி, பச்சைத் தண்ணீரும் சாம்பிராணியுமாக அவர் முகத்தில் துப்பியது. தேங்காய் மட்டும் அசையவே இல்லை.

"பழசுல பொகதான் வந்துச்சி. புதுசு குளிப்பாட்டியே வுடுதே!" என்றார் ஒரு உறுப்பினர். ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. நான் "தேங்கா! தேங்கா!" என்று கத்தினேன். "அத அப்புறம் ஒடைக்கலாம், குந்தும்மா" என்றார்கள். தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "மெர்சி, மத்மசெல். போதும்" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி நிறுத்தினார். முடிவு தள்ளிப்போடப்பட்டது.

அக்கா சிரிக்கவில்லை. வாசலில் என்னை நிறுத்தி, "வீட்டுக்காரன் கேட்டா இன்னா சொல்லட்டும்?" என்றாள்.

மழை வந்து சாக்கடை நிரம்பியது. ஏலம் முடிந்து வந்து குளிக்கப் போன மாமா, சாக்கடைக் காற்று தாக்கி உள்ளே விழுந்து கிடந்தார். வாளி உருண்ட சத்தம் கேட்டு ஓடிய அக்காவால், அவரும் தாழ்ப்பாள் போடாததால், அவரை வெளியே இழுத்துப் போட முடிந்தது. மாமா பிழைத்துக்கொண்டார். மூக்கு பிழைக்கவில்லை. வாசனை திரும்பும், பொறுத்திருங்கள் என்றார் டாக்டர். இன்றுவரை பொறுத்திருக்கிறோம்.

அடுத்த கூட்டத்திலேயே புதிய விதி நிறைவேறியது. மாதிரி எதுவும் கேட்கவில்லை, யாரும் சிரிக்கவுமில்லை.

மாமா இன்னும் ஏலத்துக்குப் போகிறார். கூடவே அக்கா போய், கூடைக்குக் கூடை குனிந்து மோந்து பார்த்துச் சொல்கிறாள். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று துறைமுகச் சுவரோரம் நின்று அழுதேன்.

ஆனால் எங்கள் வீட்டில் எந்த விசேஷத்திலும் கலசம் வைக்கும்போது மாமா விடமாட்டார். "கீழ ஓட்ட கீட்ட இருக்குதான்னு இன்ஜினியரம்மாவ கேட்டுக்குங்க" என்பார். என் புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்தில் மொட்டை மாடிக்கே ஏறி, காற்றுக் குழாயை எட்டிப் பார்த்து, "தேங்கா இல்ல, எல்லாரும் உள்ள போலாம்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். புரோகிதர்கூடச் சிரித்தார்.

பிறகு பால் காய்ச்சினோம். அடுப்பில் வழிந்து தீய்ந்த வாசனைக்கு எல்லோரும் பின்வாங்கினார்கள். மாமா மட்டும் அடுப்பை ஒட்டி நின்றபடி, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, தாமதமாக மூக்கைச் சுளித்தார்.