காரணம் என்ற கட்டத்தில் ஐஸ் தண்ணீர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் அலுவலகத்தாரும் நல்ல தொண்டையோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் தொண்டை பன்னிரண்டு நாளாக வலிக்கிறது. இந்தக் கடிதத்தை மருத்துவப் பகுதிக்குப் பதில் எழுதும் டாக்டர் அம்மாவின் கையில் கொடுத்துவிடுங்கள். வழியில் யாரும் சத்தம் போட்டுப் படிக்க வேண்டாம். அதற்கென்றே எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார்.

அவர் என் மாமனார், ஓய்வுபெற்ற கண்டக்டர். உங்கள் பத்திரிகை வந்ததும் மருத்துவப் பகுதியை, ஓடும் பஸ்ஸில் நிறுத்தம் சொல்லும் குரலில், மாமியாருக்கும் கொழுந்தனுக்கும் வாசித்துக் காட்டுவார். அடுப்படியில் இருக்கும் எனக்கும் கேட்கும். பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

நான் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் முதல் பட்டதாரி. எந்தப் படிவம் வந்தாலும் "படிச்ச பொண்ணு இருக்காளே" என்று என் கைக்கு வந்துவிடும். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக்கூட நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் சந்தேகம் தீர்ப்பவளுக்கு ஒரு சந்தேகம் வந்தால் அவள் யாரிடம் போவாள்? வேலை ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், தொலைபேசியில் பதில் சொல்வது. நாளைக்குத் தொண்ணூறு அழைப்பு. இப்போது என் குரலைக் கேட்டு, "சார், மேடம் இருக்காங்களா?" என்கிறார்கள்.

எங்கள் வீட்டில் யாரும் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. எனக்காகவும் ஐந்து பேராகப் போனோம். நர்ஸ் கொடுத்த படிவத்தில் "காரணம் ஏதாவது தெரியுமா?" என்று ஒரு கட்டம் இருந்தது. பேனா என் கையில், பதில் மற்றவர்கள் வாயில்.

"ஐஸ் தண்ணின்னு எழுதும்மா" என்றார் மாமியார்.

"ஆபீஸ் ஏசின்னும் சேத்துக்கோ" என்றார் மாமனார்.

"அண்ணி, போன்ல கத்துறீங்கல்ல, அதையும் போடுங்க" என்றான் கொழுந்தன்.

என் கணவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூன்றையும் அழகான கையெழுத்தில் எழுதினேன். டாக்டர் படித்துவிட்டு, "வேற ஏதாச்சும் உண்டா?" என்று என்னைக் கேட்டார். "இல்ல டாக்டர்" என்றது என் குடும்பம். ஐந்து நாள் மாத்திரை தீர்ந்தது, வலி தீரவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஐஸ் தண்ணீருக்குக் கொடுத்த மருந்து ஐஸ் தண்ணீரைத்தானே குணமாக்கும்?

அந்தக் கட்டத்தில் நான் எழுதாததை இங்கே எழுதுகிறேன். எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். வலி தொடங்கியது வாய்வழி உறவுக்கு இரண்டாம் நாள். எழுதிவிட்டேன். அலுவலகக் கழிவறையில் நின்று போனில் தேடிப் படித்ததில், தொண்டை உரசிப் புண்ணாகியிருக்கலாம், அதே சமயம் பார்த்துச் சாதாரண ஜலதோஷமும் வந்திருக்கலாம், இல்லையென்றால் உறவின் வழியாகத் தொற்றும் கிருமியாக இருக்கலாம் என்று போட்டிருந்தது. அப்படியானால் பஞ்சுக் குச்சியால் தொண்டையைத் தொட்டு எடுத்துச் சோதிக்க வேண்டுமாம். கண்ட மாத்திரைக்கு அது அடங்காதாம்.

முதல் இரண்டை நான் தாங்குவேன். மூன்றாவது என்றால் அது எங்கிருந்து வந்தது என்று என் கணவரிடம் கேட்க வேண்டும். அவரோ தினம் காலையில் எனக்கு வெந்நீரில் உப்புக் கலக்கி, "கொப்பளிச்சிட்டுப் போ, ஆறிடும்" என்று கொண்டுவந்து நீட்டுகிறார். அந்த டம்ளரை வாங்கும்போது சந்தேகப்படுகிறேன், கொப்பளிக்கும்போது வெட்கப்படுகிறேன், துப்பியதும் மறுபடி சந்தேகப்படுகிறேன். சந்தேகப்பட்டே களைத்துப்போய்விட்டேன், ஐயா.

பதிலை அப்படியே அச்சிட்டால் மாமனார் வாசித்துவிடுவார். ஆகவே, குறட்டை விடும் அறுபது வயதுக்காரர் கேட்டதாகப் போடுங்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றால் "ஒருக்களித்துப் படுக்கவும்" என்று எழுதுங்கள். இருவரும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றால் "தலையணையை மாற்றவும்" என்று எழுதுங்கள். நான் அடுப்படியிலிருந்தே புரிந்துகொள்வேன்.

உங்கள் பத்திரிகை பெருக வேண்டும். டாக்டர் அம்மாவிடம் வரும் நோயாளிகளோடு கூட வரும் சொந்தக்காரர்கள் குறைய வேண்டும்.

இப்படிக்கு,
பெயரும் குரலும் இல்லாத வாசகி

பின்குறிப்பு: இதை எழுதிப் பைக்குள் வைத்திருந்தேன். பஸ் நிறுத்தத்தில் குடை தேடிய என் கணவர் கையில் சிக்கிவிட்டது. நல்லவேளை, அவர் அப்பாவைப் போல இல்லை, மனதுக்குள் படிப்பவர். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, "நானும் போன்ல இதையேதான் தேடினேன். கேட்டா பயந்துடுவியோன்னு விட்டுட்டேன்" என்றார்.

"உங்களுக்கு வேற யாராவது..."

"யாரும் இல்ல. ஆனா என் பேச்ச நம்பி உக்காந்திருக்காத. வா, ரெண்டு பேரும் பாத்துக்கலாம்."

திரைச்சீலை வாங்கப் போவதாக வீட்டில் சொன்னோம். "எனக்கும் கலர் பாக்கத் தெரியும்" என்று மாமியார் கிளம்பினார். பிறகு தொண்டை கரகரக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். வேறொரு டாக்டரிடம் முதல்முறையாக இரண்டே பேராகப் போனோம். காரணக் கட்டத்தில் உண்மையை எழுதினேன், அதே அழகான கையெழுத்தில். அந்தம்மா புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. சோதனையில் இருவருக்கும் ஒன்றுமில்லை. ஊரெல்லாம் சுற்றும் ஜலதோஷமும் தொண்ணூறு அழைப்பும்தானாம்.

அதற்குள் வீட்டில் என் கணவரைத் தவிர எல்லோருக்கும் தொண்டை கட்டிவிட்டது. மறுபடி ஐந்து பேராக ஆஸ்பத்திரி, மறுபடி படிவம். "காரணம்னு போட்ட எடத்துல மருமகள்னு எழுதும்மா" என்றார் மாமியார். எழுதிக் கொடுத்தேன்.

மாமனாருக்குக் குரலே இல்லை. இந்த வாரப் பத்திரிகை பிரிக்காமல் கிடக்கிறது. ஆகவே மேலே கேட்ட எதற்கும் பதில் வேண்டாம். குறட்டைக்கு மட்டும் கட்டாயம் போடுங்கள். அது உண்மை. எங்களுக்கு அடுத்த அறைதான் அவருக்கு.