லிபோவ்கா ஊர் விசாரித்த விபரம்

ஹேர்னிங், டென்மார்க்

அன்பும் மரியாதையும் மிகுந்த பவளராணி அக்காவுக்கு,

தம்பி அந்தோனிதாசன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். வெயிலுக்கு மட்டும் சுகமில்லை, மூன்று வாரமாக வரவில்லை.

"ஊர் பேர் தெரியாதவனுக்குப் பெட்டையைக் குடுத்தால் கலியாணத்துக்கு வரமாட்டன்" என்று போனில் சொல்லிவிட்டீர்கள். தாயில்லாத நிறோஷினிக்கு நெற்றியில் சிலுவை வரைந்து வாழ்த்த நீங்களும் இல்லையென்றால் வேறு யார் என்று ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை. ஆகவே முறைப்படி ஊர் விசாரித்தேன். மாப்பிள்ளை மாரெக் செக் நாட்டுப் பிள்ளை, பக்கத்து ஊர் இக்காஸ்டில் இஞ்சினியர். அவனுடைய தகப்பனிடம் வீடியோவில், மாரெக் டெனிஷில் சொல்ல மகள் நிறோஷினி தமிழில் சொல்ல, "எந்த ஊர், எந்தக் கோயில்?" என்று கேட்டேன். அந்த மனுஷன் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று ஆயுள் முழுக்கக் காத்திருந்தவர் போல, சுவரில் வரைபடத்தைக் கொழுவி மூன்று மணித்தியாலம் பாடம் எடுத்தார்.

ஊர் லிபோவ்கா. மூவாயிரம் சனம். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் ஆறு. அந்த ஆறு ஒருமுறை வாத்தியாரின் குசினி அடுப்பு வரை வந்து போயிருக்கிறது. குளத்தில் மீன் வளர்த்து நத்தார் பண்டிகைக்குப் பிடிக்கிறார்கள். மீன் தின்கிற ஆட்கள், அக்கா, பயமில்லை. நானூறு வருடத்துக்கு முன் ஊரை எரித்தது யாரென்று கேட்டால், டென்மார்க் படையாம். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். டெனிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கிற குற்றத்துக்கு நான், "நாங்கள் அப்ப இஞ்ச வரேல்லை, எண்பத்தாறிலதான் வந்தனாங்கள் எண்டு சொல்லு பிள்ளை" என்றேன். மகள் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

கடைசியில்தான் கோயிலுக்கு வந்தார். நெருப்புக்கும் மிஞ்சி நிற்கிற அந்தக் கோயில் வேறு யாருடையதுமில்லை, நம் ஊர்க் கோயிலின் அதே புனிதர் சந்தியோகுமையாருடையது. அதே யூலை இருபத்தைந்து திருநாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழும்பி நின்று சிலுவை போட்டேன். என்னவோ ஏதோ என்று வாத்தியாரும் எழும்பிவிட்டார். இனி நீங்கள் விசாவுக்குப் போகவேண்டியதுதான் மிச்சம்.

ஆண்டவர் உங்கள் முழங்காலுக்குப் பலம் தந்து விமானப் படியில் ஏற்றுவாராக.

இப்படிக்கு, நிம்மதியாகச் சாப்பிட உட்காரும் தம்பி,
அந்தோனிதாசன்

பி.கு.: கையெழுத்துப் போட்ட கையோடு வாத்தியாரின் ஈமெயில் வந்தது. இதுதான் தமிழர் முறை என்று பிடித்துக்கொண்டு, அவரும் நம் ஊரை விசாரிக்கிறார்; பதில் கண்ட பிறகுதான் சம்மதமாம். ஆறு எது, மலை எத்தனை அடி, கோயிலைக் கட்டியது யார், ஊர் எந்த ஆண்டு எரிந்தது என்று பதினாறு கேள்வி. பதினைந்துக்கு நீங்கள்தான் யாரையாவது கேட்டு எழுதவேண்டும், அக்கா. எரிந்த ஆண்டை மட்டும் நான் ஒருவரையும் கேட்காமல் எழுதிவிட்டேன்.