அக்காவின் பாட்டும் ஐந்து காவல்காரரும்

“…சரியடா, நீ வச்ச அஞ்சு காவல்காரனும் கள்ளனெண்டால், வீட்டுக்காரி நான் இப்ப என்ன செய்யிறது?”

கேட்டது என் அக்கா பிலோமினா. இடம், மன்னார்த் தீவில் எங்கள் ஊர் மாதா கோயில். நேரம், பெருநாளுக்கு முந்தின மாலை, வெஸ்பர் எனும் மாலைச் செப ஆராதனையின் நடுப்பகுதி. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கீரிக் கிராமத்திலிருந்து வந்திருந்த சொந்தக்காரர் எதையும் தவறவிடக் கூடாதென்று முன்வரிசை வாங்கிலேயே இருந்தார்கள்.

காவல்காரர் என்று அக்கா சொன்னது மனிதர்களை அல்ல. அவளுடைய மடிக்கணினியில் நான் இலவசமாக இறக்கி வைத்த ஐந்து வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்களை.

ஊரில் ‘கொம்பியூட்டர் தெரிஞ்ச பெடியன்’ என்று பெயரெடுப்பது மிகவும் எளிது. யாராவது “தம்பி, இது வேலை செய்யுதில்லை” என்று கொண்டுவந்தால், நிறுத்திவிட்டு மறுபடி போட வேண்டும். பெரும்பாலும் சரிவந்துவிடும். வராவிட்டால் முகத்தைச் சுளித்து “சாமான் பழசு” என்று சொல்லிவிடலாம். அந்தப் பெயரில்தான் நான் அப்போது ஊருக்குள் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தேன்.

அக்கா பள்ளிக்கூட டீச்சர்; கோயில் பாடகர் குழுவுக்கும் அவள்தான் தலைவி. அந்த வருடம் பெருநாளுக்குத் தானே ஒரு புதுப்பாட்டு எழுதி மெட்டும் போட்டிருந்தாள். ஊர் முழுவதும் சேர்ந்து பாட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்காகச் சொற்களைத் திரையில் காட்டலாம் என்றாள். பெருநாள் கொமிட்டித் தலைவர் சம்மாட்டியாருக்கு அது பிடிக்கவில்லை. மூன்று வள்ளமும் அதற்கேற்ற வயிறும் உள்ள மனிதர்.

“பிள்ளை, கோயிலென்ன படக்கொட்டகையோ? தாளில அடிச்சுக் குடுங்கோ.”

“ஒருக்காச் செய்து பாப்பம் சம்மாட்டியார். பிழைச்சால் திரை எண்ட கதையே எடுக்கமாட்டன். இனிப் புதுப்பாட்டும் எழுதமாட்டன்.”

கொமிட்டி முழுவதும் கேட்கச் சொன்ன வார்த்தை. அதைக் காப்பாற்றும் பொறுப்பு மடிக்கணினியோடு சேர்ந்து என் கைக்கு வந்தது. (பாவம், அந்த வார்த்தை.)

பாட்டுக்குப் பின்னணி இசை சேர்க்கிறேன் பேர்வழி என்று நான் ஏதோ ஓர் இலவச மென்பொருளை இறக்கினேன். அதன் முதுகில் ஏறிக்கொண்டு விளம்பரங்களும் வந்தன. தொப்பை கரைக்கும் தேத்தண்ணிக்காக ஓர் ஒல்லிப் பெண் திரையின் மூலையில் எட்டிப் பார்த்தாள். யாரோ இயந்திரத்தைக் கொண்டு மொழிபெயர்த்த தமிழில், “வாழ்த்துகள் அன்பான பயனரே!” என்றாள்.

அவளை விரட்ட, ‘நம்பகமான இலவச வைரஸ் எதிர்ப்பு’ என்று தேடினேன். எது நம்பகமானது என்று நான் எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? சாட்சியத்தை வைத்து. எங்கள் செபக்கூட்டங்களில் யாராவது எழும்பி, “நடக்கேலாமல் கிடந்தன், இண்டைக்கு நடந்து வந்திருக்கிறன்” என்று சாட்சியம் சொன்னால், நாங்கள் குறுக்கு விசாரணை செய்வதில்லை, ஆமென் சொல்லுவோம். அந்த இணையத்தளத்திலும் ஒருவர் எழுதியிருந்தார்: ‘என் கணினி செத்துக் கிடந்தது. இதைப் போட்டேன், எழுந்துவிட்டது.’ பெயர், மகிழ்ச்சியான பயனர். நான் ஆமென் சொல்லி, அங்கிருந்த பச்சைப் பொத்தான்களில் ஆகக் கொழுத்ததை அழுத்தினேன்.

உள்ளே வந்தவன் முதல் வேலையாக, கணினியோடு கூடவே வந்திருந்த பாதுகாப்பை நிறுத்தச் சொன்னான். நிறுத்தினேன். (வாசலில் நிற்பவன், “நாயைக் கட்டிவிடுங்கோ” என்கிறான். நான் கட்டிவிட்டு, கதிரையும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.) உடனே அவன் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆபத்துகளைக் கண்டுபிடித்தான். கண்டுபிடிப்பது இலவசம், நீக்குவதற்குத்தான் கட்டணமாம்.

ஆகவே இரண்டாமவனை இறக்கினேன். முதலாமவனே வைரஸ் என்றான் அவன். மூன்றாமவன், இரண்டு பேரும் என்றான். ஐந்தாமவன் வந்து சேர்ந்தபோது கணினிக்குள் ஒரு முழுப் பெருநாள் கொமிட்டியே உருவாகிவிட்டது: ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டினார்கள், வேலை மட்டும் நடக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்ற நாலு பேரையும் பற்றி ஒவ்வொருவனும் சொன்னது உண்மை.

“என்னடா, மூலையில ஒருத்தி எட்டி எட்டிப் பாக்கிறாள்?” என்று அக்கா கேட்டாள்.

“அது விளம்பரம் அக்கா. அஞ்சு பேர் காவல் நிக்கினம். பெருநாளுக்கு முதல் போயிடுவாள்.”

“நீ சொன்னால் சரி.”

இந்த மூன்று சொற்களை நினைத்தால் எனக்கு இப்போதும் காது சுடும்.

அந்த மாலை திரை விரிந்தது. காவல்காரர் உசாராக இருக்கட்டும் என்று கைப்பேசி இணையத்தையும் திறந்துவிட்டிருந்தேன். அக்கா ஒலிவாங்கியில் அறிவித்தாள்: “பாட்டுப் புதுசு. பயப்பிடாதேங்கோ. திரையில வாறதை அப்பிடியே பாடுங்கோ.”

ஊர் கீழ்ப்படிந்தது. முதல் இரண்டு வரியும் அழகாகப் போயின. சம்மாட்டியார்கூட வாயைத் திறந்துவிட்டார். அக்காவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். மூன்றாம் வரி வந்தது: ‘தாயே, நான் சுமக்கும் பாரமெல்லாம்.’ நாலாம் வரி வரவேண்டிய இடத்தில் ஒல்லிப் பெண் வந்து நின்றாள். கோயில் முழுவதும், அக்காவின் மெட்டு ஓர் இழை பிசகாமல், பக்தியோடு பாடியது:

“பத்தே நாளில் கரையும் தொப்பை… இங்கே அழுத்தவும்!”

பெண்கள் பக்கம் சுதாரித்துச் சட்டென்று நின்றுவிட்டது. சம்மாட்டியார் நிற்கவில்லை. அடுத்த வள்ளத்தைக் கடலில் கூப்பிட்டுப் பழகிய அவருடைய குரல் மட்டும் தனியாக ‘அழுத்தவும்’ என்பதை இரண்டாம் தரமும் பாடி முடித்தது. சம்மாட்டியாரின் மனுசிதான் முதலில் சிரித்தவர். பிறகு யார் சிரிக்கவில்லை என்று சொல்வதுதான் கஷ்டம். ஆராதனை நடத்திய சுவாமி புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் எலியைப் பிடித்துக்கொண்டு (கணினி எலிதான், மற்றது என்றாலும் அவ்வளவுதான் பதறியிருப்பேன்) அவளை மூடினேன். மூட மூட இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அக்கா இறங்கி என் மேசைக்கு வந்தாள்.

“எங்கயடா உன்ர காவல்காரர்?”

“அவங்கள்தான் அக்கா இதுகளைக் கூட்டிக்கொண்டு வாறாங்கள்.”

அப்போதுதான் அவள் மேலே சொன்ன கேள்வியைக் கேட்டாள்.

அந்த ஐவரையும் பிறகு ஒவ்வொருவராக நீக்கினேன். உலாவியில் ஒட்டிக்கொண்டிருந்தவற்றைக் களைந்தேன். ‘அனுமதிக்கவா?’ என்று கேட்ட எல்லாத் தளத்துக்கும் நான் கொடுத்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றேன். கட்டி வைத்த பழைய காவலையே அவிழ்த்துவிட்டுப் புதுப்பித்தேன். இன்றுவரை அது ஒன்றே போதுமாக இருக்கிறது. வேறு ஏதும் தேவையென்றால் செய்தவர்களின் சொந்தத் தளத்துக்கே போகிறேன், சாட்சியம் வாசிப்பதில்லை. ஆனால் வீட்டில் யார் விடுகிறார்கள்? நான் இரண்டாம் தரம் சோற்றுக்குக் கை நீட்டினால் போதும், அக்காவின் மகள் அகப்பையை ஒலிவாங்கி மாதிரிப் பிடித்துக்கொண்டு, “இங்கே அழுத்தவும்” என்று அதே மெட்டில் இழுக்கிறாள்.

அன்று கோயிலில் கேள்வியைக் கேட்ட அக்கா என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. புரொஜெக்டர் வயரைப் பிடுங்கினாள். ஒலிவாங்கியோடு நேரே முன்வாங்குக்குப் போய்ச் சம்மாட்டியாருக்கு முன்னால் நின்றாள். போகிற வழியில் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

“சம்மாட்டியார், உங்கட குரலுக்குத் திரையும் வேண்டாம், தாளும் வேண்டாம். நான் வரி சொல்லுறன், நீங்கள் பாடுங்கோ. ஊர் திருப்பிப் பாடும்.”

சொல்லிவிட்டு ஒரு கையால் ஒலிவாங்கியை அவர் வாயருகே பிடித்தாள். மற்றக் கையால் என் காதைப் பிடித்தாள். பாட்டு முடியும் வரைக்கும் இரண்டையும் விடவில்லை.