நவீன பக்கச் சறுக்கல் காட்டி

சிரிப்பு நிச்சயம் உண்டு. ஆனால் முறைப்படிதான் வழங்கப்படும். முதலில் ஒரு சுற்றறிக்கையைக் கேட்டாக வேண்டும். அவசரப்படுகிறவர்கள் வரிசையில் கடைசிக்குப் போகவும்.

கிளைடர் சங்கத்தின் கருவிக்குழுத் தலைவர் வெளியிட்டது அது: ‘நவீன பக்கச் சறுக்கல் காட்டி பொருத்தாத எந்தக் கிளைடரும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் தரையை விட்டுக் கிளம்ப அனுமதிக்கப்படமாட்டாது. கண்ணாடியில் கம்பளி நூல் ஒட்டிப் பறக்கும் அநாகரிகம் உடனே கைவிடப்பட வேண்டும்.’

கிளைடர் என்பது இன்ஜின் இல்லாத விமானம். அது நேராகப் போகிறதா, நண்டு மாதிரி பக்கவாட்டில் போகிறதா என்று ஓட்டுகிறவருக்குத் தெரிய வேண்டும். விமானத்தின் முன்கண்ணாடிக்கு வெளியே ஒரு துண்டு நூலை ஒட்டினால் போதும். நூல் சாய்ந்தால் மிதியை மிதித்துச் சரிசெய்துகொள்ளலாம். தலைவருக்கு இது கேவலம். அவருடைய விமானத்தில் திரைக்கு மேல் திரை. வானம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், திரையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

சுற்றறிக்கையைப் படித்து வயிறெரிந்தவள் அவருடைய மச்சினி. வருஷம் முழுக்க அந்தப் போட்டிக்காகவே பறந்து பழகியவள்; நூலைத் தவிர வேறு காட்டி அவளிடம் இல்லை.

மறுநாள் ஒரு கறுப்புப் பெட்டியோடு குழுவின் முன் போய் நின்றாள். உள்ளே பஞ்சு மெத்தை. மெத்தைமேல் விரல் நீளத்தில், சிவப்பாக ஏதோ ஒன்று.

“தொடாதீங்க மாமா! கைச்சூடு பட்டா கணக்கு மாறிடும்.”

தலைவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். “பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?”

“பேட்டரியே கிடையாது.”

“அப்டேட்?”

“காத்து அடிக்க அடிக்கத் தானா ஆயிடும்.”

“பேரு?”

“மின்சாரத் தேவையற்ற நேரடி வளியோட்ட உணர்விழை.”

குழுவே மரியாதையாகத் தலையாட்டியது. பொருளாளர் மட்டும் கழுத்தை நீட்டினார். “பார்க்க நூல் மாதிரி...”

“உமக்கு எல்லாமே நூலாத்தான்யா தெரியும்!” என்று சீறினார் தலைவர். “நான் இதைப் பத்தி எப்பவோ படிச்சாச்சு.”

உடனே செயலாளரும் படித்திருந்தார். பொருளாளருக்கும் படித்த ஞாபகம் வந்துவிட்டது.

உத்தரவு பிறந்தது: அனைவரும் பழைய நூலைப் பிய்த்துக் குப்பையில் போட்டு, உணர்விழையை இடுக்கியால் மட்டுமே பொருத்த வேண்டும். விமானிகள் பிய்த்தார்கள்; மச்சினி ஆளுக்கொன்றாகக் கொடுத்ததைப் பொருத்தினார்கள்.

“எவ்வளவு தெளிவா காட்டுது பாருங்க!” என்று பூரித்தார் ஒருவர்.

“என்ன இருந்தாலும் நம்ம கம்பளி மாதிரி வராதுப்பா,” என்று பெருமூச்சு விட்டார் இன்னொருவர்.

ஞாயிறன்று முதலில் மேலே போனவர் தலைவர். ரேடியோவில் ஒரே புகழாரம்: “அபாரம்! துல்லியம்! நம்ம திரையெல்லாம் இதுகிட்ட பிச்சை வாங்கணும்!”

அப்போது தூறல் போட்டது.

“ஏம்மா, கருவி நகரமாட்டேங்குது. நனைஞ்சு கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. முனை வேற பிரிபிரியா நிக்குது. அப்படியே கம்...”

ரேடியோ கரகரத்தது.

“ஏம்மா... இது கம்பளி நூல்தானே?”

வரிசையில் நின்ற விமானிகள் எல்லோரும் மெல்லத் தங்கள் கண்ணாடியைப் பார்த்தார்கள்.

கிளைடரை மேலே இழுத்துப்போகும் கயிற்றை மாட்டிக் காத்திருந்த மச்சினி, ரேடியோ பட்டனை அழுத்தினாள்.

“ஆமா மாமா. ஆனா அங்கீகாரம் பெற்ற கம்பளி நூல். நான் கிளம்பட்டுமா?”