மாலத்தீவுக்குப் போகும் வழியில் ஒரு சம்ப்

விதிமுறை தெரிந்த மனிதனுக்கு இருக்கும் பெரிய ஆபத்து, எதிரில் இருப்பவருக்கும் அது தெரியும் என்று நம்பிவிடுவதுதான். அரசு அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற நான், இந்த உண்மையை அம்பத்தூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சம்ப்புக்குள், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்குள், கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி கற்றுக்கொண்டேன்.

அப்போது ஓய்வு பெற்ற புதிது. மகள் நித்யாவுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆழ்கடலில் மூழ்கி மீன் பார்ப்பதில் பித்து. மாலத்தீவில் ஒரு வாரம் படகிலேயே தங்கி, படகிலேயே சாப்பிட்டுத் தூங்கி, தினமும் கடலுக்குள் இறங்கும் பயணத்துக்கு எங்களையும் அழைத்தார்கள். திட்டமிடும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். (யாரும் கொடுக்கவில்லை. பொறுப்பேற்க எனக்கு அது தேவைப்பட்டதும் இல்லை.) கடைசியாக மூழ்கியதற்கும் விமானம் ஏறுவதற்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும், எந்த அறையில் என்ஜின் சத்தம் கேட்காது, சமையல்காரருக்கு ரசம் வைக்கத் தெரியுமா என்றெல்லாம் விசாரித்தேன். என் மின்னஞ்சல்களைப் படிக்கவே அந்தப் படகுக்காரர்கள் தனியாக ஆள் போட்டிருப்பார்கள்.

ஒரே ஒரு விஷயம்தான் முடிவாகவில்லை. நான் கடலுக்குள் இறங்குவதா, அல்லது மேல்தட்டில் மனைவி கமலாவோடு உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பதா?

"நீங்க மேலயே இருங்க. குற்றாலத்துலயே கம்பியை விடாம நின்னவர்தானே" என்றாள் கமலா.

"அது பாதுகாப்பு விதி."

"இது என் விதி."

நித்யா தீர்ப்பை அம்மாவிடமே விட்டுவிட்டாள். "அம்மா சரின்னு சொன்னாத்தான்பா உங்க பேரைப் பயிற்சிக்குக் குடுப்பேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வர்றோம், அப்ப முடிவு பண்ணிக்கலாம்."

அதற்குள் நான் தேறியாக வேண்டும். பயிற்சிக் கையேட்டைத் துறைத் தேர்வுக்குப் படிப்பதுபோல் படித்தேன். இரண்டு விஷயங்கள் ஆணி அடித்ததுபோல் மனதில் பதிந்தன. தண்ணீரில் இருக்கும்போது வாயிலிருந்து மூச்சுக்குழாயை எடுக்கவே கூடாது. கட்டைவிரலை உயர்த்தினால் 'பிரமாதம்' என்று அர்த்தமில்லை. 'உடனே மேலே போக வேண்டும்' என்று அர்த்தம்.

வானகரம் பக்கம் ஒரு கடையில் முகமூடி, மூச்சுக்குழாய், காலில் மாட்டும் துடுப்பு எல்லாம் வாங்கினேன். துடுப்பு தள்ளுபடியில் கிடைத்தது. ஓர் அளவு சின்னது. தேங்காய் எண்ணெய் தடவினால் கால் நுழைந்தது.

அந்த ஞாயிறன்றுதான் எங்கள் சம்ப்பைச் சுத்தம் செய்தார்கள். போர்வெல் தண்ணீர் இடுப்பளவு ஏறியிருந்தது, மீதிக்குத் தண்ணீர் லாரி. நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்பதால் சாவி என்னிடம். சுத்தம் செய்தபின் யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்ற அறிவிப்பிலும் என் கையெழுத்துதான். (அது செயலாளரைக் கட்டுப்படுத்தாது என்று வியாக்கியானம் செய்துகொண்டேன்.) லாரி ஒருநாளும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை என்பதால், ஏணி வைத்து நிம்மதியாக இறங்கி, உள்ளே நின்று துடுப்பை மாட்டிக்கொண்டேன்.

குப்புறக் கவிழ்ந்து மூச்சு விட்டுப் பார்த்தேன். சுகமாக இருந்தது. ஒரு சின்ன மீன் இருந்திருந்தால் மாலத்தீவேதான்.

திடீரென்று இருட்டியது. நிமிர்ந்தால், திறப்பு வழியாக யானைத் தும்பிக்கை போல ஒரு குழாய். அதன் பின்னால் லாரிக்காரர் ஏழுமலையின் முகம். வாழ்க்கையில் முதல் முறையாக நேரத்துக்கு முன்பே வந்திருக்கிறார்.

"இன்னா சார், உள்ள கீற? லீக்கு பாக்குறியா?"

நான் கட்டைவிரலை உயர்த்தினேன்.

"தண்ணி வுடலாமா?"

இன்னும் உயர்த்தினேன்.

"சர்தான் சார்" என்று அவரும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுத் திறந்துவிட்டார்.

மூச்சுக்குழாயை வாயிலிருந்து எடுத்து 'நிறுத்துப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலை வெளியேதான் இருந்தது. ஆனால் இடுப்புக்குக் கீழே நான் சட்டப்படி தண்ணீருக்குள் இருந்தேன். ஏணியில் ஏறப் பார்த்தேன். துடுப்பு வாத்துக் காலாக வழுக்கியது. கழற்றப் பார்த்தேன், வரவில்லை. தண்ணீர் மார்புக்கு வந்தபோது இரண்டு கட்டைவிரல்களையும் உயர்த்தினேன்.

மேலே ஏழுமலை யாரிடமோ போனில் சொல்வது கேட்டது. "மாமே, இந்த செக்ரட்ரி சார் மாரி ஆளு நான் பாத்ததே இல்ல. கய்த்து வரிக்கும் தண்ணி வந்துட்ச்சு. இன்னும் வுடு, இன்னும் வுடுன்றாரு."

லாரிச் சத்தம் கேட்டு வந்த கமலா உள்ளே எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் என்னையும் என் விரல்களையும் பார்த்தாள்.

"ஏங்க, வாயில இருக்கறதை எடுத்துட்டுப் பேசுங்க."

எடுத்தேன். "நிறுத்தச் சொல்லு."

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்?" என்றார் ஏழுமலை, மனம் நொந்து.

பிறகு என்னை மேலே தூக்கிவிடக் குடியிருப்பே கூடியது. தண்ணீரின் மேல் தேங்காய் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. யாரோ என் அறிவிப்பை எனக்கே சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். அத்தனை தண்ணீரும் செடிகளுக்குப் போக, ஏழுமலை மலர்ந்த முகத்தோடு அடுத்த லாரித் தண்ணீர் கொண்டுவரக் கிளம்பினார். அந்த நேரம் பார்த்து மகளும் மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள். மாடிப்படியில் நான் உட்கார்ந்திருக்க, ஆளுக்கு ஒரு காலைப் பிடித்து இழுத்தார்கள். மாமனாரின் காலை மாப்பிள்ளை பிடிக்கும் சம்பிரதாயம் எந்தச் சாதியிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

இனி வேர்க்கடலைதான் என்று தலை குனிந்திருந்தேன்.

"அம்மா, அப்பா பேரை எடுத்துடட்டுமா?" என்றாள் நித்யா.

கமலா யோசித்தாள். "வேணாம், குடு. கடலுக்குள்ள சொன்னபடி செஞ்சா ஆபத்தில்லன்னு நீதானே சொன்னே? கழுத்து வரைக்கும் தண்ணி வந்தும் மனுஷன் வாயிலேருந்து அதை எடுக்கலையே. இவரை மாதிரி சொன்னபடி செய்யறதுக்கு வேற ஆள் கிடைக்காது."

எனக்குக் கிடைத்த நற்சான்றுகளில் பாராட்டா, வசவா என்று இன்றுவரை பிடிபடாதது அது ஒன்றுதான்.

மாலத்தீவு போனோம். கமலா மேல்தட்டில் முறையாக வேர்க்கடலை கொறித்தாள். நான் இறங்கினேன், கடல் ஆமை ஒன்று என்னைப் பொருட்படுத்தாமல் கடந்து போனது. போதும் என்று தோன்றியபோது கட்டைவிரலை உயர்த்தினேன். பயிற்சியாளர் மறுகேள்வி கேட்காமல் என்னை மேலே அழைத்துப் போனார். கண் கலங்கிவிட்டது.

ஏழுமலை இன்றும் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறார். குழாயை இறக்குமுன் சம்ப்புக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மாடியை நோக்கிக் குரல் கொடுப்பார். "யம்மா, செக்ரட்ரி சார் மேல கீறாரா?"

"இங்கதாம்பா இருக்கார், டிபன் சாப்பிடறார். நீ விடு" என்று கமலா பால்கனியிலிருந்து சொன்ன பிறகுதான் தண்ணீர் திறக்கப்படும். அவர் வராத நாளில் வரும் லாரிக்காரர்களும் அப்படியே கேட்கிறார்கள். நான் எழுதாமல், கையெழுத்துப் போடாமல், ஒருநாளும் யாரும் மீறாமல் எங்கள் குடியிருப்பில் அமலில் இருக்கும் விதி அது ஒன்றுதான்.